சத்தி: ஈழத்து வழக்குச் சொல்லொன்றின் வரலாறு

சொற்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் உயர்ந்த பொருள்களைச் சுட்டும் சொற்களையே தெரிந்தெடுப்பர். அறம், ஊழ், கற்பு, அருள் முதலிய சொற்களைப் பற்றித் தமிழில் நூல்களும் கட்டுரைகளும் பல உள. உடம்பின் துன்பத்தையும் அருவருப்பையும் சுட்டும் சொற்களோ ஆய்வாளரின் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அவற்றை அவையில் எடுத்துரைத்தல் நாகரிகமன்று என்னும் கூச்சம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயின், ஒரு சமூகம் தன் மொழியில் எதனை உயர்ந்தது என்கின்றது, எதனை இழிந்தது என்கின்றது, அப்பாகுபாட்டை எவ்வாறு செய்துகொள்கின்றது என்பவற்றை அறிவதற்கு இத்தகைய சொற்களே சிறந்த சான்றுகளாகும். அவ்வாறான சொற்களுள் ஒன்று ஈழத்தமிழர் நாவில் நாள்தோறும் வழங்கும் 'சத்தி' என்பது.

உண்டது வாய்வழியே வெளிப்படுதலை யாழ்ப்பாணத்தார் 'சத்தி எடுத்தல்' என்பர். அவ்வுணர்வு தோன்றும்போது 'சத்தி வருமாப்போலை கிடக்கு' என்பர். நோயுற்ற பிள்ளையைப் பரியாரியாரிடம் கொண்டு செல்லும் தாய் 'விடியத் தொடக்கம் சத்தி எடுக்குது' என்பாள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் இச்சொல் பெருவழக்கு. முஸ்லிம் மக்களிடையேயும் அது வழங்குகின்றது. மலையகத் தமிழரிடையே தமிழகத்திற் போன்று 'வாந்தி' என்பதே பெருவழக்கு. எழுத்து வழக்கிலோ, ஈழத்தின் எப்பகுதியினர் எழுதினும், 'சத்தி' என்பது பெரும்பாலும் மறைந்து 'வாந்தி' தோன்றிவிடுகின்றது. பாடநூலும் செய்தித்தாளும் வாந்தி என்றே எழுதுகின்றன. 'சத்தி' என்பது கொச்சை, 'வாந்தி' என்பது செம்மை என்னும் எண்ணம் கற்றோர் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணத்திற்கு மொழிவரலாற்றில் ஆதாரம் உண்டா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பிறப்பு

சத்தி என்பது 'சர்த்தி' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். வடமொழியில் அது மூச்சொலியோடு கூடிய சகரத்தைக் கொண்டது; பொருளும் வாயால் எடுத்தலே. வடசொற்கள் தமிழில் வந்து வழங்கும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி நடத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் நெறி. அந்நெறிப்படி மூச்சொலி நீங்கச் சகரம் தமிழ்ச் சகரமாயிற்று. அடுத்து நின்ற ரகர மெய் தன்னைத் தொடர்ந்த ஒலியோடு ஒன்றித் தகரம் இரட்டிற்று. வர்த்தி என்பது வத்தி ஆனதும், கர்த்தன் என்பது கத்தன் ஆனதும், அர்த்தம் என்பது அத்தம் ஆனதும் இத்தகைய மாற்றங்களே. ஆகவே சத்தி என்பது சர்த்தி என்பதைச் சரியாக ஒலிக்கத் தெரியாத நாட்டுப்புறத்தாரின் பிழையன்று; தமிழ் ஒலியமைப்பு தன் இயல்புக்கேற்பச் செதுக்கிக்கொண்ட ஒழுங்கான வடிவமாகும்.

வாந்தி என்பதும் வடசொல்லே. வாயால் எடுத்தலைக் குறிக்கும் 'வம்' என்னும் வடமொழி வினையடியிலிருந்து வாந்தம், வாந்தி, வமனம் முதலிய சொற்கள் பிறந்தன. எனவே சத்தியைக் கொச்சையென்று விலக்கி வாந்தியைச் செந்தமிழென்று கொள்வோர், ஒரு வடசொல்லை விலக்கி இன்னொரு வடசொல்லையே ஏற்கின்றனர். பிறப்பைக் கொண்டு நோக்கின் இரண்டுக்குமிடையே உயர்வு தாழ்வு கற்பிக்க இடமில்லை. தமிழொலிக்கு இயைந்து திரிந்த அளவை நோக்கின், சத்தி என்பதே கூடுதலாகத் தமிழாக்கம் பெற்றது எனலாம்.

இச்சொல் ஈழத்தில் மட்டும் புகுந்ததன்று. தமிழ் மருத்துவச் செய்யுள்களில் சர்த்தி, சத்தி என்னும் வடிவங்கள் பயின்று வருகின்றன. மலையாளத்தில் இன்றும் அன்றாடப் பேச்சுச் சொல்லாக வழங்குவது சர்த்தி என்பதே. அங்கு கல்லாதவரும் மருத்துவரும் அச்சொல்லையே ஆளுகின்றனர். தமிழ்நாட்டுப் பொதுவழக்கில் வாந்தி மேலோங்க, அதற்கு மேற்கே கேரளத்திலும் தெற்கே ஈழத்திலும் சர்த்தியின் வழிவந்த சொல் நிலைபெற்றிருப்பது கருதத்தக்கது. இதனைக் கொண்டு ஈழத்தவருக்கும் கேரளத்தவருக்கும் குடியுறவு கற்பித்தல் அவசரமாகும். ஒரு சொல் அதற்குப் போதிய சான்றன்று. முன்னர்ப் பரந்து வழங்கிய சொல்லொன்று நடுநிலத்தில் தேய்ந்து ஓரநிலங்களில் எஞ்சுதல் உலக மொழிகள் பலவற்றிற் காணப்படும் இயல்பு என்பதே இங்கு நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

பழைய இலக்கணிகளின் பாகுபாட்டில் இச்சொல்லை எங்கே வைப்பது என்பதும் சுவையான வினா. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொற்களை நான்காக வகுத்தனர். பிறப்பினால் சத்தி வடசொல். இன்று வழங்கும் எல்லையினால் ஏறக்குறையத் திசைச்சொல். பேசுவோர் உள்ளத்திலோ தாய்ப்பாலோடு கற்ற இயற்சொல். ஒரு சொல்லை அதன் பிறப்பொன்றையே கொண்டு மதிப்பிடுதல் எத்துணைக் குறைபாடுடையது என்பதனை இது உணர்த்தும்.

மருத்துவ மரபு

சர்த்தி என்னும் சொல் வடமொழி மருத்துவத்தில் நோயொன்றின் பெயராகும். சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் 20 ஆம் அத்தியாயம் சர்த்தி நோய்க்குரியது. சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரமும் இந்நோயைத் தனியே ஆராய்கின்றது. வாதத்தால் வருவது, பித்தத்தால் வருவது, கபத்தால் வருவது, மூன்றும் கூடி வருவது, அருவருப்பானவற்றைக் கண்டும் முகர்ந்தும் உண்டும் வருவது எனச் சரகம் அதனை ஐந்தாக வகுத்தது. இறுதியாகக் கூறிய வகை நம் கவனத்துக்குரியது. உடலின் கேட்டால் மட்டுமன்றி, உள்ளத்தின் வெறுப்பாலும் சர்த்தி நிகழும் என்பதனை அம்மருத்துவர் அறிந்திருந்தனர். 'அவனைக் கண்டாலே சத்தி வருகுது' என்று இன்று ஒருவர் வெறுப்புத் தோன்றக் கூறும்போது அவ்வைந்தாம் வகையையே அறியாது சுட்டுகின்றார் எனலாம்.

வமனம் என்பது இதனின் வேறானது. அது நோயன்று, மருத்துவம். உடலிற் பெருகிய கபத்தை வாய்வழியே வெளியேற்றுதற்காக மருத்துவரே மருந்து கொடுத்து வரவழைப்பது வமனம். ஆயுள்வேதத்தின் ஐவகைச் சோதன முறைகளுள் அது முதலாவதாக எண்ணப்படும். மதனபலம் எனப்படும் மருக்காரைக்காய் அதற்குச் சிறந்த மருந்தென்பர். தானே வருவது சர்த்தி, வரவழைப்பது வமனம் என்னும் இவ்வேறுபாடு மருத்துவத்துக்கு இன்றியமையாதது. நோயாளி தானாக எடுத்தானா, எடுக்கச் செய்யப்பட்டானா என்பதை ஒரு சொல்லிலேயே உணர்த்திவிடலாம்.

இவ்வேறுபாட்டின் ஒளியில் நோக்கின், ஈழத்து வழக்கு வியப்பளிக்கின்றது. நோயாக வருவதைச் சத்தி என்னும்போது நம்மவர் வடமொழி மருத்துவர் நோய்க்கு இட்ட பெயரையே வழங்குகின்றனர். கலைச்சொல்லாட்சியை அளவுகோலாகக் கொள்ளின், வமனத்தோடு ஒரே அடியிற் பிறந்த வாந்தியை விடச் சத்தியே நோய்க்குப் பொருத்தமான பெயராகும். கல்லாதார் வாயிற் பிறந்த கொச்சை என்று கருதப்படும் சொல், உண்மையில் ஏட்டிலிருந்து வாய்க்கு இறங்கி வந்த சாத்திரச் சொல்லாகும்.

அது இறங்கி வந்த வழியையும் நாம் ஒருவாறு ஊகிக்கலாம். பாளி மொழியில் இச்சொல்லோடு உறவுடைய வினையொன்று 'எறிதல், கைவிடுதல், கக்குதல்' என்னும் பொருள்களில் வழங்கியது. ஆயின் அவ்வினையில் தகரவொலிக்கு ஈடாக நாவளை ஒலியாகிய டகரம் வரும். அதன் வழியே நாம் பெற்றிருந்தால் 'சட்டி' என்பது போன்ற வடிவமே எதிர்பார்க்கத்தக்கது. ஆதலின் பௌத்தர் மொழியினூடாக அன்றி மருத்துவர் மொழியினூடாகவே சத்தி நம்மை அடைந்தது என்று கொள்ளுதல் பொருத்தமாகத் தோன்றுகின்றது. யாழ்ப்பாண அரசரின் பட்டப்பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் வடமொழி மருத்துவக் கருத்துக்களைத் தமிழ்ச் செய்யுளில் தந்தவை. இத்தகைய நூல்களைப் பரம்பரையாகப் பயின்ற பரியாரிமார் ஊர்தோறும் இருந்தனர். நோயாளியின் வீட்டுத் திண்ணையில் நோயின் பெயரைச் சொல்வோர் அவர்களே. அவர்கள் சொன்ன பெயரைத் தாய்மார் ஏற்றனர். தாய்மாரிடமிருந்து பிள்ளைகள் கற்றனர்.

கால்தல், உமிழ்தல், கக்குதல்

சத்தி வருமுன் தமிழர் இதனைச் சொல்லுதற்குச் சொல்லின்றி இருந்தனரோ எனின், அன்று. கால்தல், உமிழ்தல், கக்குதல் ஆகிய வினைகள் தமிழுக்கே உரியன. அவை உள்ளிருப்பதை வெளிவிடுதல் என்னும் பொதுப்பொருளில் வழங்கின. ஆயின் இலக்கியத்தில் அவை பெரிதும் பயின்ற இடங்களை நோக்கின் ஒரு போக்குப் புலனாகும். மேகம் மழையைக் கால்கின்றது. ஞாயிறு கதிரைக் கால்கின்றது. நாகம் மணியை உமிழ்ந்து அதன் ஒளியில் இரை தேடுகின்றது. எரிமலை நெருப்பைக் கக்குகின்றது. இவை எவற்றிலும் அருவருப்பில்லை. சிலவற்றில் அழகும் வியப்பும் உண்டு.

இதற்குரிய விளக்கத்தை வடமொழி அணியிலக்கண ஆசிரியராகிய தண்டி ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பே தந்துள்ளார். பல்லவரின் காஞ்சியோடு தொடர்புடையவராகக் கருதப்படும் அவர், தம் காவியாதரிசத்தில் சமாதி என்னும் குணத்தை விளக்குமிடத்து, துப்புதல், உமிழ்தல், வாந்தியெடுத்தல் என்னும் பொருளுடைய சொற்களை எடுத்துக்கொள்கின்றார். அவை இலக்கணைப் பொருளில் வருமாயின் மிக அழகியன. நேர்ப்பொருளில் வருமாயின் நாட்டுப்புறத்தன்மை எய்தும் என்பது அவர் கருத்து. தாமரைகள் தாம் பருகிய கதிரவனின் தீப்பொறிகளைச் செம்பூந்துகளாக மீண்டும் வெளியிடுவதாகக் கற்பித்தல் இனிது. மணப்பெண் துப்புகின்றாள் என்று கூறுதல் இனிதன்று. அவர் எடுத்துக்காட்டிய சொற்களுள் 'வாந்தம்' என்பதும் ஒன்று. இன்று நாம் செம்மையெனக் கொள்ளும் வாந்தியின் உடன்பிறப்பே அன்று அவையில் ஐயுறவுக்கு உள்ளாகியிருந்தது என்பது நினையத்தக்கது. தண்டியின் நூல் தமிழில் தண்டியலங்காரமாகவும், சிங்களத்தில் சேனன் என்னும் பெயருடைய அரசன் ஒருவன் இயற்றியதாகக் கருதப்படும் 9 ஆம் நூற்றாண்டுச் சியபஸ்லகரவாகவும் தழுவப்பெற்றது. ஆகவே இவ்விலக்கிய நெறி இத்தீவின் இரு மொழியினர்க்கும் புதியதன்று.

தண்டியின் விதியை வரலாற்று முறையில் திருப்பிப் பார்த்தால் ஓர் உண்மை வெளிப்படுகின்றது. உடல் சார்ந்த நேர்ப்பொருளைச் சுமப்பதற்கு வெளியிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால், பழைய சொல் அச்சுமையினின்றும் விடுபட்டு இலக்கணைப் பொருளில் தடையின்றி உலவலாம். சத்தியும் வாந்தியும் நோயின் சுமையை ஏற்றதனால் கால்தலும் உமிழ்தலும் கவிஞருக்கு எஞ்சின. அருவருப்பை இரவற் சொல்லின் தலையில் ஏற்றிவிட்டு, தம் சொற்களின் அழகைத் தமிழர் காத்துக்கொண்டனர். கக்குதல் மட்டும் இரண்டுக்கும் இடையே நின்றது.

கக்குதலின் இவ்விடைநிலைக்கு விவிலியத் தமிழில் நல்ல சான்றுண்டு. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹென்றி பவர் முதலியோரின் முயற்சியால் நிறைவேறியதும், இன்றும் பெரிதும் வாசிக்கப்படுவதுமான மொழிபெயர்ப்பில், யோனாவைப் பெரிய மீன் கரையிலே விடுவதற்கும், நீதிமொழிகளில் நாய் தான் விட்டதற்கே திரும்புவதற்கும் 'கக்கு' என்னும் வினை ஆளப்பட்டுள்ளது. குளிரும் அனலுமற்ற சபையைத் தம் வாயினின்று வெளியேற்றுவேன் என்று கிறிஸ்து கூறும் வெளிப்படுத்தின விசேஷப் பகுதியிலோ 'வாந்தி' என்னும் சொல் இடம்பெறுகின்றது. விலங்கு கக்குகின்றது, தெய்வத்தின் வாய்க்கு வாந்தி என்னும் வடசொல் வேண்டியிருக்கின்றது. மொழிபெயர்த்தோர் விதியொன்றை வகுத்துக்கொண்டு இவ்வாறு செய்தனர் என்று கொள்ளவேண்டியதில்லை. அக்காலத் தமிழரின் செவியிற் படிந்திருந்த ஏற்றத்தாழ்வே அவர்தம் எழுதுகோலை நடத்தியிருக்கலாம்.

இரு சத்திகள்

சத்தி என்னும் சொல்லைப் பற்றி ஆராய்வோர் தவிர்க்கவியலாத சிக்கல் ஒன்றுண்டு. ஆற்றலையும் இறைவனின் அருளையும் குறிக்கும் 'சக்தி' என்னும் வடசொல்லும் தமிழ் மரபில் சத்தி என்றே வடிவு பெறும். சைவசித்தாந்த நூல்கள் சிவசத்தி, திரோதான சத்தி, சத்திநிபாதம் என்றே வழங்குகின்றன. முருகன் கை வேலுக்கும் சத்தி என்னும் பெயருண்டு. சைவசித்தாந்தக் கல்வியைத் தன் பண்பாட்டின் மையமாகக் கொண்ட யாழ்ப்பாணத்தில், நல்லூர் வேலின் திருப்பெயரும் நோயாளியின் துன்பத்தின் பெயரும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாயின. புனிதத்தின் உச்சியும் அருவருப்பின் அடியும் ஒரே சொல்லிற் சந்தித்தன.

இதனால் மயக்கம் நேர்ந்ததா எனின், நேர்ந்ததாகத் தெரியவில்லை. சொல்லோடு சேரும் வினை பொருளைத் தெளிவாக்கிவிடுகின்றது. நோய்ப்பொருளில் 'எடுத்தல்', 'வருதல்' என்னும் வினைகள் சேரும்; அருட்பொருளில் 'பதிதல்' போன்ற வினைகளோ, சிவம், ஆதி, திரோதானம் போன்ற அடைகளோ சேரும். சூழலும் துணைசெய்யும். பேச்சு மொழி இத்தகைய ஒப்பொலிச் சொற்களைக் கண்டு அஞ்சுவதில்லை.

இன்று அருளையும் ஆற்றலையும் குறிக்குமிடத்துச் சக்தி என்றெழுதுவதே பெருவழக்காகிவிட்டது. நோய்ப்பொருள் தந்த கூச்சமே இம்மாற்றத்துக்குக் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவ்விளக்கம் பொருந்தாது. சத்தி என்பது பேச்சிலே நோயைக் குறித்து வழங்காத தமிழ்நாட்டுப் பகுதிகளிலும் சக்தி என்னும் எழுத்தே மேலோங்கியிருக்கின்றது. வடமொழி ஒலியை நெருங்கி எழுதும் பொதுப்போக்கின் விளைவே அது எனல் தகும். எனினும் அதன் பயன் ஈழத்தில் ஒருவகையாயிற்று. அருட்பொருள் சக்தி என்னும் வடிவத்திற் குடிபுகவே, சத்தி என்னும் வடிவத்திற்கு நோய்ப்பொருள் ஒன்றே எஞ்சியது. பழைய சைவ நூலொன்றை முதன்முறை கையிலெடுக்கும் இளமாணவர் சத்திநிபாதம் என்ற சொல்லைக் கண்டு முறுவலிப்பதற்கு இதுவே காரணம்.

கூச்சத்தின் வழி

அவையிற் கூறத்தகாத சொல்லை மறைத்துக் கூறுதல் தமிழ் இலக்கணத்தில் இடம்பெற்ற நெறி. நன்னூலார் இதனை இடக்கரடக்கல் என்பர். தமிழில் இது இருவழியாக நிகழ்கின்றது. ஒன்று, நேரே கூறாது சுற்றிக் கூறுதல்; 'வெளிக்குப் போதல்' என்பது போல்வன. மற்றொன்று, அன்றாடப் புழக்கத்தில் இல்லாத தொலைவிலுள்ள சொல்லைக் கொணர்ந்து நிறுத்துதல். வாயாலெடுத்தலைப் பொறுத்தவரை தமிழர் பெரிதும் பின்பற்றியது இரண்டாம் வழியே.

இவ்வழியில் ஓர் இயல்பான குறைபாடுண்டு. தொலைவிலிருந்து வந்த சொல் நாளடைவில் அண்மைச் சொல்லாகிவிடும். கற்றோர் கூச்சத்தை மறைக்கக் கொணர்ந்த சொல்லை எல்லோரும் வழங்கத் தொடங்கியதும், பொருளின் அருவருப்பு அச்சொல்லிலும் ஊறிவிடும். பின்னர் அதற்கு மேல் இன்னொரு சொல்லைப் போர்த்தவேண்டியதாகும். கக்கலுக்கு மேல் சத்தி போர்த்தப்பட்டது. சத்தி பழகியபின் வாந்தி போர்த்தப்பட்டது. இன்று வாந்தியும் பழகிவிட்டது போலும். நகரத்து இளைஞர் 'வொமிற் பண்ணினது' என்று ஆங்கிலச் சொல்லை நாடுகின்றனர். நாளை அதுவும் பழகும். அப்போது வேறொன்று வரும்.

இவ்வோட்டத்தில் ஒரு முரண் உள்ளது. வொமிற் என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அவ்விலத்தீன் வினையும் வடமொழியின் 'வம்' என்னும் அடியும் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்பது ஒப்பியல் மொழிநூலார் துணிபு. ஆகவே வாந்தியை விட்டு வொமிற்றுக்கு ஓடுவோர் அக்காளை விட்டுத் தங்கையிடம் செல்கின்றனரேயன்றி வேறில்லை. சொல்லை மாற்றுவதனாற் பொருளின் அருவருப்பு மாறுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பேச்சுவழக்கை இழிசனர் வழக்கென்று ஒதுக்கும் மனப்பான்மை ஈழத்திற் பழையது. 1960 களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், சிறுகதையிலும் நாவலிலும் மக்கள் மொழியைக் கையாளுதல் தகுமா என்பதே முக்கிய வினாக்களுள் ஒன்றாக நின்றது. அதற்கு முன்பே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை நானாடகம் (1940) முதலிய தம் நூல்களில் யாழ்ப்பாணப் பேச்சுமொழிக்கு நாடகத்தில் இடமளித்திருந்தார். படைப்பிலக்கியத்தைப் பொறுத்தவரை அவ்வழக்கு ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. இன்று எந்தக் கதாசிரியரும் தம் பாத்திரங்களின் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்பதில்லை. ஆனால் அறிவுத்துறை எழுத்தில் அதே வழக்கு இன்னும் விசாரிக்கப்படவேயில்லை. கதையில் ஒரு கிழவி சத்தி எடுக்கலாம்; நலவியல் நூலில் அவள் வாந்தி எடுத்தே ஆகவேண்டும்.

இழப்பு யாது?

ஒரு சொற்போய் இன்னொரு சொல் வருவதனால் வரும் இழப்பென்ன என்று வினவலாம். சொற்கள் தனித்து நிற்பதில்லை, அணியாக நிற்கின்றன. ஈழத்துப் பேச்சில் இவ்வணி நுண்மையானது. உண்டது மேலெழும் உணர்வு குமட்டல். வெறுவயிற்றோடு தொண்டை இழுத்து ஒலியெழுப்புவது ஓங்காளம்; சிங்களத்தில் ஒக்காரய என்னும் சொல் இதனோடு ஒலியும் பொருளும் ஒத்து நிற்பது காண்க. பால் குடித்த குழந்தை வருத்தமின்றிச் சிறிது பாலை வாயோரம் விடுவது கக்கல். நோயாக வயிறு புரட்டி வெளியேறுவது சத்தி. 'பிள்ளை பால் கக்குது' என்று கூறும் தாய் அஞ்சுவதில்லை. 'பிள்ளை சத்தி எடுக்குது' என்று கூறும் தாய் அஞ்சுகின்றாள். அவ்விரு வாக்கியங்களுக்குமிடையே உள்ள வேறுபாட்டை மருத்துவரும் குறித்துக்கொள்ளவே வேண்டும். இதற்கு மருத்துவக் கல்லூரியும் தனிச்சொற்கள் வைத்திருக்கின்றது. கிராமத்துப் பாட்டியும் தனிச்சொற்கள் வைத்திருக்கின்றாள். இவ்வனைத்தையும் வாந்தி என்னும் ஒன்றுக்குள் அடக்கி எழுதும்போது, செம்மை என்ற பெயரில் அறிவையே குறைத்துக்கொள்கின்றோம்.

வயிற்றோட்டமும் சத்தியும் கண்ட பிள்ளைக்கு ஜீவனி கரைத்துக் கொடுக்கும் தாயிடம், பிள்ளை சத்தி எடுத்தாற் பத்து நிமிடம் பொறுத்துப் பின்னர்ச் சிறிது சிறிதாகக் கொடுக்குமாறு கூறுதல் மருத்துவ முறை. சத்தியென்று நிறுத்திவிடாமலும், கக்கலைச் சத்தியெனக் கருதி அஞ்சாமலும் அவள் நடந்துகொள்ளுதல் பிள்ளையின் உயிரோடு தொடர்புடையது. அறிவுரை எழுதுவோர் அவளுடைய சொற்களின் அணியை அறிந்தே எழுதுதல் வேண்டும். இவ்வுண்மையை 19 ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). மானிப்பாயில் பணிபுரிந்த அவ்வமெரிக்க மருத்துவர், தாம் தமிழைக் கற்றதோடமையாது, 1860 களில் மேனாட்டு மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்தத் தொடங்கினார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார், ஆக்குவித்தார். 1866, 1867 ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி என்னும் கொள்ளைநோய் யாழ்ப்பாணத்தை வாட்டியபோதும் அவர் இங்கிருந்தார். நோயாளியின் மொழியை அறியாத மருத்துவம் நோயாளியை அடையாது என்பதே அவருடைய வாழ்க்கைப் பணி உணர்த்தும் பாடம்.

இனி, சத்தியும் வாந்தியும் இரண்டுமே வடசொல்லாதலின் இரண்டையும் நீக்கிக் கக்கல் என்றே எழுதுவோம் என்று தனித்தமிழ் ஆர்வலர் கூறலாம். அதுவும் ஏற்புடையதன்று. கக்கலுக்கு மேற்காட்டியவாறு தனிப்பணி உண்டு. மேலும் அச்சொல் இன்று பல உருவகங்களைத் தாங்கி நிற்கின்றது. பொலிசாரிடம் உண்மையைக் கக்குகின்றான். மேடையில் நஞ்சைக் கக்குகின்றான். இரவிரவாகப் பாடமாக்கியதைப் பரீட்சை மண்டபத்திற் கக்கிவிட்டு வருகின்றான். இவற்றுள் இறுதி வழக்கு நம் பல்கலைக்கழகங்களில் விளக்கம் வேண்டாதது. செரியாத உணவே வாய்வழியே மீளும், செரித்தது உடம்பாகிவிடும். மாணவர் தம் கல்வியைப் பற்றித் தாமே வழங்கிய இத்தீர்ப்பை ஆசிரியர்கள் சற்றுச் சிந்தித்தல் நன்று.

வாந்தி என்னும் சொல்லை விலக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. தமிழ் பேசும் நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான எழுத்தில் அது பயன்படும். மலையக மக்களின் நாவில் அதுவே இயற்சொல். அதனைப் போற்றுதற்காகச் சத்தியை இகழவேண்டியதில்லை என்பதே நாம் வற்புறுத்துவது. ஏட்டிற் பிறந்து, பரியாரிமாரின் வாய்வழியே ஊருக்குள் வந்து, தமிழொலியின் அச்சில் வார்க்கப்பட்டு, அருளின் பெயரோடு ஒலியைப் பகிர்ந்துகொண்டும் மயங்காது நின்று, தாய்மார் நாவில் நோயின் அளவை உணர்த்தும் கருவியாக வாழும் சொல் அது. ஒரு சொல் இழிவெய்துவது அதன் பிறப்பினால் அன்று; நாம் சொல்லத் தயங்குவதை நமக்காகச் சொல்வதனால் மட்டுமே. அவ்வாறு நம் சுமையைச் சுமக்கும் சொல்லை, சுமை அழுக்கென்று கூறித் தள்ளிவைத்தல் நன்றியுடைமை ஆகாது. மாணவனின் விடைத்தாளிற் காணும் 'சத்தி' என்னும் சொல்லைச் சிவப்பு மையாற் கீறுமுன், அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் கீறுவோர் ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.